காற்றுப் போகிற வழியால் தண்ணியும் போகும்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாரி தொடங்கிவிட்டால் இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணியைப் பற்றித்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு என்று ஒன்றுமில்லை, மழைகாலத்தில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறுதான் நமக்கு ஆறு. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடமராட்சி கிழக்கு மணல் பாதையாலும் வன்னிக்குள்ளும் வேலையாகப் போய் வருகிறவர்கள் தண்ணிக்குள் இறங்காமல் வீடு திரும்ப முடியாது. அதனால் இம்முறை ஃபோர்வீல் வாகனக்காரர்களின் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் 2.8 லீற்றர் பழைய டீசல் டபிள் கப் ஒன்று இருக்கிறது. வயலுக்குப் போய் வர மாரியில் இரண்டு மூன்று இடத்தில் வெள்ளம் கடக்க வேண்டும். ஸ்நோர்கல் பூட்டினால் பொனட் உயரத் தண்ணியிலும் போகலாம் என்று உதிரிப்பாகக் கடையில் சொல்கிறார்கள். காசு செலவழித்துப் போடலாமா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: போடுங்கள், நல்ல சாமான்தான். ஆனால் பொனட் உயரம் என்ற கதையை நம்பவேண்டாம். ஸ்நோர்கல் என்பது இஞ்சின் காற்றை இழுக்கிற வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கி வைக்கிற குழாய். அது காப்பாற்றுவது ஒரே ஒரு ஓட்டையை, அந்தக் காற்று போகிற ஓட்டையை. உங்கள் வாகனத்தில் தண்ணி போகக்கூடிய ஓட்டை இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கிறது, அவற்றைப் பற்றிக் கீழே வருகிற கேள்விகளில் சொல்கிறேன்.

அந்த ஒரு ஓட்டை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 2.8 லீற்றர், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டர் 700 சிசி. பழைய டீசல் இஞ்சின்கள் காற்றை 22க்கு 1 என்ற அளவில் அமுக்குகிறவை. அப்படியென்றால் பிஸ்ரன் மேலே போய் நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சுகிற இடம் 33 சிசி அளவுதான், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. காற்று அமுங்கும், தண்ணி அமுங்காது. இரண்டு மேசைக்கரண்டியை விடக் கூடின தண்ணி ஒரு சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்ரனுக்கு மேலே போக இடமில்லை, மற்ற மூன்று சிலிண்டரும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், நடுவில் அகப்பட்ட கொன்றொட், அதாவது பிஸ்ரனை மேலே தள்ளுகிற தண்டு, வளைந்துவிடும். அதே இஞ்சின் சும்மா நின்று ஓடும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 1000 லீற்றர் காற்றை இழுக்கிறது. அந்த இழுவைக்கு முன்னால் தண்ணி வந்தால் இரண்டு கரண்டி போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பெற்றோல் இஞ்சினில் அந்த இடம் கொஞ்சம் பெரிது, ஆனால் அதுவும் தப்பாது.

சரி, பூட்டுவதென்றால் எப்படிப் பூட்டுகிறார்கள் என்பதுதான் விசயம். பக்கத்துத் தகட்டில் ஓட்டை போட்டு வெளியே அழகாகக் குழாயை நிறுத்திவிட்டு, உள்ளே எயார் பில்ரர் பெட்டியோடு சேருகிற இடத்தில் ரியூப் துண்டைச் சுற்றிக் கம்பியால் கட்டின வாகனங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படிப் பூட்டினால் தண்ணி மேலே போக வேண்டியதே இல்லை, பொனட்டுக்குள்ளேயே அந்த மூட்டால் போய்விடும். வேலை முடிந்ததும் காசு கொடுக்க முதல் ஒரு சோதனை செய்யுங்கள். இஞ்சினை ஸ்ராட் பண்ணி மெல்ல ஓடவிட்டு, ஸ்நோர்கலின் தலையைக் கழற்றி, அந்த வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடுங்கள். இரண்டு மூன்று செக்கனில் இஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் வேறு எங்கேயோ காற்றை இழுக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். எயார் பில்ரர் பெட்டியின் அடியில் இரண்டு உதடு ஒட்டினது போல ஒரு ரப்பர் வால்வு இருக்கும், உள்ளே சேருகிற மழைத்தண்ணியை வெளியேற்ற வைத்தது. வயது போன வாகனங்களில் அது வெடித்தோ கழன்றோ போயிருக்கும். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு அதை மறந்தால் செய்தது வீண்.

கேள்வி: எந்த வாகனம் எவ்வளவு ஆழத்துக்குப் போகும்? ஃபோர்வீல் என்றால் எல்லாம் ஒன்றுதானே? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: இல்லை. நான்கு சில்லும் இழுப்பது வேறு, தண்ணியைத் தாங்குவது வேறு. செய்கிற கொம்பனிகளே ஆழத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: போர்ட் ரேஞ்சர் 800 மில்லிமீற்றர், இப்போதைய ரொயோட்டா ஹைலக்ஸ் 700, பழைய லான்ட்ரோவர் டிபென்டர் 500, சின்ன சுசுகி ஜிம்னி 300. இது ஓடாமல் நிற்கிற தண்ணிக்கு, மெல்லப் போகிற வேகத்துக்கு, புது வாகனத்துக்குச் சொன்ன கணக்கு. பதினைந்து வருடம் ஓடின வாகனமென்றால் கதவு ரப்பரும் சீலும் எப்படி இருக்கிறது என்று பார்த்து அதில் கால்வாசியாவது குறையுங்கள். எஸ்யூவி போல உயரமாகத் தெரிகிற ஹைபிரிட் கார்களைக் கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கவே வேண்டாம்.

பாய்கிற தண்ணி என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 30 சென்ரிமீற்றர் பாய்ச்சல் சின்னக் காரைத் தூக்கிக்கொண்டு போகும், 60 சென்ரிமீற்றர் அநேகமான வாகனங்களைத் தூக்கும், டபிள் கப்பும் அதில் அடக்கம். தண்ணி புகாமல் நன்றாக மூடின வாகனம் தோணி மாதிரித்தான், மிதக்கத் தொடங்கினால் ரயருக்குப் பிடி இல்லை.

கேள்வி: நான் கால்நடை வைத்தியராக வேலை செய்கிறேன். போன மார்கழியில் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணி போய்க்கொண்டிருந்த நேரம் ஜீப்பைக் கொண்டு கடந்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு பின் டிபரன்சலில் சத்தம் வந்தது. திறந்தபோது ஒயில் பால்தேநீர் மாதிரி இருந்தது. சீல் போய்விட்டது என்று புதுச் சீல் போட்டார்கள். அடுத்த வெள்ளத்தில் திரும்பவும் அதே பால்தேநீர். ஏன் அண்ணை? (நல்லூர் வாசகி)

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று. அந்தப் பாலம் ஒடுக்கம், இரண்டு பக்கமும் நீர். மேலால் தண்ணி பாய்கிற நேரத்தில் விளிம்பு எது என்று தெரியாது. கன்று ஈனுகிற மாடு காத்துக்கொண்டிருக்கும், உங்கள் அவசரம் எனக்கு விளங்குகிறது, ஆனால் அடுத்த முறை தண்ணி வடிகிற வரைக்கும் இந்தப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இனி டிபரன்சல். சீலில் பிழை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். டிபரன்சல் என்பது இரண்டு பின் சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பற்சில்லுப் பெட்டி. அந்த இரும்புக் குடத்தின் மேல்பக்கத்தில், அச்சுக் குழாய் தொடங்குகிற இடத்துக்குக் கிட்ட, விரல் நுனியளவில் தொப்பி போட்ட சின்ன மூக்கு ஒன்று இருக்கும். பிறீதர் என்பார்கள். குடத்துக்குள் இருப்பது பாதி ஒயில், மீதி காற்று. ஓடும்போது சூடாகிக் காற்று விரியும், அந்த மூக்கால் வெளியே போகும். ஆறும்போது திரும்ப உள்ளே வரும். வாகனம் மூச்சு விடுகிற இடம் அது.

இப்போது, முப்பது கிலோமீற்றர் ஓடி வந்த சூட்டோடு அந்தக் குடம் திடீரென்று தண்ணிக்குள் மூழ்குகிறது என்று வையுங்கள். 80 பாகையில் இருந்த காற்று 27 பாகைக்கு இறங்கினால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சுருங்கும். வீட்டில் சுடச்சுட வார்த்து மூடின போத்தல் ஆறின பிறகு மூடி இறுகித் திறக்க மாட்டாமல் கிடக்குமே, அதே உறிஞ்சல்தான். குடம் காற்றைத் தேடும். பிறீதர் தண்ணிக்குள் இருந்தால் அதனால் தண்ணியை உறிஞ்சும். பிறீதர் வன்னிச் செம்மண்ணால் அடைபட்டுக் கிடந்தால் சீலின் உதட்டால் உறிஞ்சும். சீல் என்பது உள்ளேயிருந்து ஒயில் வெளியே வராமல் மறிக்கச் செய்த சாமான், வெளியேயிருந்து உள்ளே வருவதை மறிக்க அதற்குப் பெரிதாகப் பலமில்லை. ஆகவே புதுச் சீல் போட்டாலும் அடைபட்ட மூக்கு அப்படியே இருந்தால் திரும்பவும் பால்தேநீர்தான்.

செய்ய வேண்டியது சுகமான வேலை, செலவும் குறைவு. அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டு, அளவான குழாய் மூக்கு ஒன்றைப் பூட்டி, அதிலிருந்து டீசல் ஹோஸ் ஒன்றை இழுத்து, சஸ்பென்சன் முழுதாகக் கீழே தொங்கினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, சேசிஸ் வழியாக பொனட்டுக்குள் கொண்டுபோய் உயரமான இடத்தில் கட்டுங்கள். வாய் கீழ் நோக்கி வளைந்திருக்க வேண்டும், நுனியில் சின்னப் பெற்றோல் பில்ரர் ஒன்றைச் சொருகினால் தூசியும் போகாது. பின் டிபரன்சலுக்கு மட்டும் செய்துவிட்டு விடக்கூடாது. முன் டிபரன்சல், கியர்பொக்ஸ், அதோடு சேர்ந்த ரான்ஸ்பர் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே மூக்கு இருக்கிறது. சில இடங்களில் இந்த மூக்கை ஆணி போட்டு அடைத்துவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். மூச்சு விட வழியில்லாவிட்டால் சூட்டு நேரத்தில் ஒயிலைச் சீலால் தள்ளும், ஆறும் நேரத்தில் தண்ணியைச் சீலால் இழுக்கும்.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஒயில் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. வாகனத்தை ஒரு இரவு அசையாமல் விடுங்கள். தண்ணி ஒயிலைவிடப் பாரம், அடியில் போய்ப் படியும். காலையில் ஸ்ராட் பண்ண முதல், கீழே வெள்ளைக் கிண்ணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடி நட்டை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் வருகிற பத்துத் துளியைப் பாருங்கள். தேன் நிறத்தில் தடிப்பாக இறங்கினால் நட்டை இறுக்கிவிட்டு வேலைக்குப் போகலாம். தண்ணி தனியாக முந்திக்கொண்டு வந்தாலோ, ஏற்கெனவே கடைந்து வெள்ளையாகிவிட்டிருந்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும். அப்படியே விட்டால் பியரிங்கும் பற்சில்லும் துருப்பிடித்துப் பொரிந்து, நீங்கள் கேட்ட அந்தச் சத்தம் வரும்.

இன்னொன்று, ஓடி வந்த சூட்டோடு இறங்காமல் கரையில் ஐந்து பத்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கினாலே இந்த உறிஞ்சல் கொஞ்சம் குறையும்.

கேள்வி: தண்ணிக்குள் எந்தக் கியர், என்ன வேகம்? (பருத்தித்துறை வாசகர்)

பதில்: நாலு சில்லும் இழுக்க, லோ ரேஞ்சில் முதலாவது அல்லது இரண்டாவது கியர், ஆள் நடக்கிற வேகம். இறங்கும்போது மெல்ல இறங்குங்கள். இறங்கின பிறகு முன்னால் வில் மாதிரி ஒரு அலை எழும்பும், அந்த அலைக்குப் பின்னாலேயே அதே வேகத்தில் போனால் பொனட்டுக்குள் தண்ணி மட்டம் தாழ்ந்திருக்கும். வேகத்தைக் கூட்டி அலையை உடைத்தாலும், இடையில் நின்றாலும் அது திரும்ப இஞ்சினுக்கு மேல்தான் வரும். நடுவில் கிளச் மிதிக்கவோ கியர் மாற்றவோ வேண்டாம், கிளச் தட்டுகளுக்கு இடையில் தண்ணி புகுந்தால் பிடிக்காது. முன்பக்கத்தைத் தறப்பாளால் இறுக்கி மூடிக்கொண்டு இறங்குவது பழைய வழி, இன்றைக்கும் நல்ல வழி. றேடியேற்றருக்குப் பின்னால் சுழல்கிற பிளாஸ்ரிக் விசிறி தண்ணியில் முன்னுக்கு வளைந்து றேடியேற்றரையே வெட்டியிருக்கிறது, தறப்பாள் இருந்தால் அந்தப் பயமும் குறைவு. கரை ஏறினதும் பிரேக்கைக் காலால் லேசாக அழுத்திக்கொண்டே கொஞ்சத் தூரம் ஓட்டிக் காயவையுங்கள்.

ஆழம் தெரியாவிட்டால் தடியோடு இறங்கி நடந்து பார்க்கச் சொல்லி எல்லா இடத்திலும் எழுதுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டு எச்சரிக்கை. கட்டில்லாத கிணறுகளும் மதகு ஓரங்களும் வெள்ளத்தில் ஒன்றுமே தெரியாது, வழி தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லாமல் இறங்காதீர்கள். மற்றது, முகமாலை போலப் பல வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த இடங்களில் வெள்ளத்தைச் சுற்றிப் போகிறேன் என்று பாதையை விட்டு விலகவே கூடாது. வெள்ளம் மண்ணை அரித்து நகர்த்தும், நேற்று இருந்த இடத்தில் எல்லாம் இருக்கும் என்றில்லை.

கேள்வி: சப்பாத்துப் பாலம் ஒன்றில் நடுவழியில் வாகனம் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப ஸ்ராட் அடித்தேன், கடைசியில் "டொக்" என்று ஒரு சத்தத்தோடு இறுகிவிட்டது. உழவு இயந்திரத்தால் இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தள்ளி ஸ்ராட் பண்ணிப் பார்க்கலாமா? (வவுனியா வாசகர்)

பதில்: வேண்டாம், தொடாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனது கஷ்டப்பட்டது. தண்ணிக்குள் நின்ற இஞ்சின் பல நேரம் ஒன்றும் ஆகாமல்தான் நிற்கிறது. அதை முறிப்பது நாங்கள் அடிக்கிற அடுத்த ஸ்ராட்.

2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்த நேரம் நான் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமை வெள்ளத்தில் நின்ற இரண்டு டீசல் ஜீப்புகள் வந்தன. ஒன்றின் சாரதி, நின்றதும் திறப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பெரிய பாஸ் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, எயார் பில்ரரைத் திறந்து பார்த்தார், கடதாசி நனைந்து கூழாகியிருந்தது. பிறகு நான்கு ஹீற்றர் பிளக்கையும் கழற்றச் சொன்னார். இஞ்சினின் முன்பக்கக் கப்பியில் ஸ்பானரைக் கொழுவிக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினார், இறுகவில்லை. பற்றரியைக் கொழுவி, "எல்லாரும் தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லி ஸ்ராட்டரை ஒருமுறை அடித்தார். மூன்றாவது சிலிண்டரிலிருந்து எழும்பின தண்ணி தகரக் கூரையில் போய் அடித்துத் திரும்ப எங்கள் தலையில் கொட்டியது. தண்ணி வருவது நிற்கும்வரை அடித்து, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு, இஞ்சின் ஒயிலையும் பில்ரரையும் மாற்றி, ஓடவிட்டு, சூடானதும் இறக்கித் திரும்ப ஒருமுறை மாற்றினார். அன்று பின்னேரமே அந்த ஜீப் ஓடிப் போனது. மற்ற ஜீப்பைத் தள்ளி ஸ்ராட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தார்கள். கொன்றொட் வளைந்து, சிலிண்டர் சுவரும் கீறிப்போய்க் கிடந்தது.

உங்கள் வாகனத்துக்கும் அதே வரிசைதான். பற்றரியைக் கழற்றுங்கள், டிப் ஸ்ரிக்கை எடுத்து ஒயில் மட்டம் கூடியிருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஹீற்றர் பிளக்கையோ இன்ஜெக்ரரையோ கழற்றிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். "டொக்" என்று இறுகினபடியால், சுற்றினாலும் ஒவ்வொரு பிஸ்ரனும் ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். ஒன்று கொஞ்சம் தாழ்வாக நின்றால் கொன்றொட் வளைந்துவிட்டது. வளைந்த றொட்டோடும் இஞ்சின் ஓடும், கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும், பிறகு ஒருநாள் முறிந்து பிளொக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே அளக்காமல் விடாதீர்கள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளவும் வேண்டாம், நனைந்த சிலிண்டர் ஒரு இரவிலேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: கரையிலிருந்து மீன் ஏற்றுகிறேன். மழைகாலத்தில் நாளாந்தம் சவர்த்தண்ணிக்குள்ளால்தான் போய் வருகிறேன், ஆழம் பாதி சில்லுக்குக் கீழேதான். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை பியரிங் போகிறது, பிரேக் பிடித்தபடி நிற்கிறது, லைட் ஒன்று எரிந்தால் ஒன்று எரியாது. (மருதங்கேணி வாசகர்)

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் எனக்கு முக்கியமானது உங்களுடையது. ஸ்நோர்கல், ஆழம் என்று எல்லாரும் பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்து வாகனங்களைத் தின்பது ஆழமில்லை, உப்பு. கடல்தண்ணி லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்பு. மாரியில் களப்புத்தண்ணி மழையோடு கலந்து கொஞ்சம் நீர்த்திருக்கும், ஆனால் அது சேசிஸில் காய்கிறபோது உப்பு அங்கேயே தங்கிவிடும். அடுத்த நாள் பனியில் ஈரமாகி, திரும்பக் காய்ந்து, இப்படியே நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டு போகும். நல்லதண்ணியில் ஒருமுறை முழங்காலுக்கு மேல் மூழ்கின வாகனத்தைவிட, தினமும் கணுக்கால் அளவு சவருக்குள் போகிற வாகனம்தான் சீக்கிரம் உக்கும்.

அதோடு உங்கள் வாகனத்துக்குக் கடல் இரண்டு பக்கத்தாலும் வருகிறது. கீழே களப்பு, மேலே மீன் பெட்டி. ஐஸ் கரைந்து மீன் உப்போடு வடிகிற தண்ணி தட்டின் இடுக்கால் இறங்கி நேராக சேசிஸுக்கும் பின் பிரேக் குழாய்க்கும் மேல் சொட்டுகிறது. வெறும் தட்டில் பெட்டியை வைக்காமல், கீழே தடித்த தறப்பாளை ஓரம் உயர்த்தி விரித்து, தண்ணி பின்கதவுப் பக்கம் ஒரே இடத்தால் வெளியே போக வழி செய்யுங்கள். அது ஒன்றே பாதி வருத்தத்தைக் குறைக்கும்.

அடுத்தது கழுவுவது. கிழமைக்கு ஒருமுறை சேர்விஸ் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய் நுரை போட்டு மேலே மினுக்குவதில் பிரயோசனமில்லை. அன்றன்று, வீட்டுக்கு வந்த உடனே, உப்பு காய முதல், அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். ஆனால் எந்தத் தண்ணியால்? உங்கள் பக்கத்தில் எத்தனையோ கிணறு சவர். ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள், உவர்த்தால் அந்தத் தண்ணியால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுகிற வேலை. மாரியில் கூரைத்தண்ணியைப் பீப்பாயில் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை. சேசிஸ் என்பது உள்ளே வெறுமையான இரும்புப் பெட்டி, பக்கத்தில் ஓட்டைகள் இருக்கும். வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே போன சேற்றில் உப்பு ஊறிக்கொண்டே இருக்கும். ஹோஸ் முனையை அந்த ஓட்டைகளுக்குள் விட்டு, மறுபக்கத்தால் தெளிந்த தண்ணி வருமட்டும் அடியுங்கள். அடியில் உள்ள வடிகால் ஓட்டை அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

பியரிங்குக்குப் போவோம். பியரிங் இருக்கிற சில்லின் நடுப்பகுதியான ஹப் சூடாகத் தண்ணியில் இறங்கினால் டிபரன்சல் உறிஞ்சின மாதிரியே அதுவும் உறிஞ்சும். மழைகாலம் தொடங்க முதல் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை கழற்றி, பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் முற்றாகக் கழுவி, காயவைத்து, தண்ணி தாங்குகிற நல்ல கிறீஸை உள்ளங்கையில் வைத்து பியரிங்கின் பக்கமாக அழுத்தி அழுத்தி மறுபக்கத்தால் வருமட்டும் ஏற்ற வேண்டும். மேலே பூசிவிட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், கிட்ட நின்று பாருங்கள். சீலையும் அதோடு மாற்றுங்கள், அதில் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். பின் பிரேக் டிரம்மையும் அதே நேரம் திறந்து சேற்றைத் துடைத்து, சறுக்குகிற இடங்களுக்கு மட்டும் பிரேக் கிறீஸ் மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள். ஹான்ட்பிரேக்கை இரவில் இழுத்து வைக்காமல், கியரில் போட்டு சில்லுக்குக் கல் வையுங்கள். சவர் பட்ட டிரம்மில் லைனிங் இரவோடு இரவாக ஒட்டிக்கொள்ளும்.

லைட் எரியாததற்குக் காரணம் பல்ப் அல்ல, வயர் மூட்டு. கொனெக்ரரைப் பிரித்துப் பாருங்கள், பச்சைத் தூள் பூத்திருக்கும். அது செம்பைத் தின்று வந்த பச்சை. சுத்தம் செய்து சிலிக்கோன் கிறீஸ் நிரப்பி மூடினால் தண்ணி போக இடமிருக்காது. வயரைக் கத்தியால் வெட்டி முறுக்கி ரேப் சுற்றின இடங்கள் இருந்தால் அவை எல்லாவற்றையும் ஈயம் பற்றவைத்து மூடச் சொல்லுங்கள். பூமி வயர் சேசிஸோடு சேருகிற நட்டை மறக்கவேண்டாம், லைட் மாறி மாறி எரிவதற்கு அநேகமாக அதுதான் காரணம்.

பழைய இஞ்சின் ஒயிலை அடியில் அடித்துவிடுவது இங்கே எல்லாரும் செய்கிறது. நான் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். ரப்பர் புஷ்களை அது ஊதப்பண்ணும், மணலை ஒட்டவைக்கும். அதைவிட, வெள்ளத்துக்குள் போனதும் அந்த ஒயில் தண்ணியில் கலக்கிறது. எங்களுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், குடிப்பது கிணற்றுத் தண்ணி. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். துருவைத் தேய்த்து எடுத்துப் பூச்சடித்து, அதற்கு மேல் மெழுகுப் பூச்சுப் போடுங்கள். உள்பெட்டிக்கு அதே மெழுகை நீளக் குழாயால் அடிக்கலாம். செலவு கூடத்தான், ஆனால் சேசிஸ் வெட்டி ஒட்டுகிற செலவை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: மாமா விட்டுப்போன பழைய டீசல் டிபென்டர் என்னிடம் வந்திருக்கிறது. கிளச் பெட்டிக்கு அடியில் ஒரு ஓட்டை திறந்தபடி இருக்கிறது, நட்டு இல்லை. வாகனத்தின் சாமான் பெட்டிக்குள் பார்த்தால் அதே அளவு நட்டு ஒன்று துணியில் சுற்றி இருந்தது. விழுந்துவிட்டதா? (காரைநகர் வாசகர்)

பதில்: விழவில்லை தம்பி, உங்கள் மாமா வாகனத்தை அறிந்து வைத்திருந்தவர். அந்த ஓட்டை திறந்துதான் இருக்க வேண்டும். உள்ளே சீலால் ஒயில் கசிந்தால் கிளச்சில் படாமல் சொட்டி வெளியேறுவதற்கு வைத்தது. ஆழத் தண்ணியில் இறங்க முதல் அந்த நட்டைப் போட வேண்டும், கரை ஏறி வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். முன்பக்கம் ரைமிங் பெல்ற் மூடியின் அடியிலும் இதே மாதிரி ஒரு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கும் நட்டு வேண்டும். பெல்ற்றில் சேறும் மணலும் ஏறினால் பெல்ற் அறும், அறுந்தால் வால்வுகளும் போகும். துணியில் இன்னொரு நட்டு இருக்கிறதா தேடுங்கள்.

கேள்வி: கொழும்பிலிருந்து ஒரு ஜீப் மலிவாக வருகிறது. வெள்ளத்தில் கிடந்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம்? (கோண்டாவில் வாசகர்)

பதில்: 2016 வைகாசியில் களனி ஆறு பெருகிக் கொழும்பைச் சுற்றி வெள்ளம் நின்றதிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. கம்பளமும் சீற் உறையும் புதிதென்றால் அதிலேயே சந்தேகப்படுங்கள், பழைய வாகனத்துக்கு யாரும் சும்மா புதுக் கம்பளம் போடுவதில்லை. சீற் பெல்ற்றைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் வெளியே தெரிகிற பகுதியைத்தான் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கிற கடைசி ஒரு முழத்தில் மண் நிறக் கோடு அப்படியே இருக்கும். பிறகு குனிந்து சீற் தண்டவாளத்தைப் பிடிக்கிற நட்டுகளை ரோர்ச் அடித்துப் பாருங்கள், ஸ்பேர் சில்லுக்குப் பக்கத்து மூலைகளை விரலால் தடவுங்கள், லைட் கண்ணாடிக்குள் மெல்லிய சேற்றுப் படலம் இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் உள்ளே இருங்கள், ஊறின சாக்கு மணம் வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். டிபரன்சல் அடி நட்டைத் தளர்த்திப் பத்துத் துளி பார்க்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் அப்படித்தான்.